இரண்டாம் வாசகம்

ஞாயிறு தமிழ்த் திருப்பலியில் நான் வாசகர். மாதத்துக்கு ஒருமுறை பட்டியலில் என் பெயர் வரும். பழைய ஏற்பாட்டிலிருந்து முதல் வாசகம், பிறகு பதிலுரைப் பாடல், அதன்பின் இரண்டாம் வாசகம். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் கிடைக்கும். பவுல் அடிகளார் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டுதான் போவேன். உள்ளூர்ப் பள்ளியில் ஓ நிலை வரைக்கும் தமிழ், அப்புறம் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல். வீட்டைத் தவிர்த்துப் பார்த்தால் என் தமிழ் புழங்கியது இரண்டே இடங்களில். ஒன்று கோயில், இன்னொன்று கட்டுமானத் தளம். இந்த இரண்டு தமிழும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன என்பது எனக்கு உறைக்க ஒரு விரல் வெட்டுப்பட வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது செங்காங்கில். ஓட்டுநர் இல்லாத எல்ஆர்டி ரயில் எங்கள் புளோக்கை ஒட்டிச் சுற்றிவரும். அதில் காங்கார் என்று ஒரு நிலையம் உண்டு. முன்பு அந்தப் பக்கம் இருந்த மீனவக் கிராமத்தின் பெயர் அது. தியோச்சியூ பேசும் கத்தோலிக்க மீனவர்கள் நிறைய பேர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். இப்போது மீனும் இல்லை, படகும் இல்லை, வீவக அடுக்குகள்தான். புனித அன்னா ஆலயமும் செங்காங்கிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே கோயிலை வைத்துக்கொண்டு ஏன் அவ்வளவு தூரம் போகிறாய் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்பார்கள். ஊதா நிறப் பாதையில் ஒன்பதாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. அங்கே இறங்கி நடந்தால் ஓப்பீர் சாலையில் லூர்து மாதா கோயில். 1886இல் அடிக்கல் நாட்டி 1888இல் திறந்தது. பிரெஞ்சுக் குருக்கள் இங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று கட்டினார்கள், பிரான்சிலுள்ள லூர்து பேராலயத்தின் சாயலில். அதற்கு முன்னால் நம் ஆட்கள் குவீன் ஸ்திரீட்டில் சீனக் கத்தோலிக்கர்களோடு ஒரே கோயிலைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 1974க்குப் பிறகு லூர்து மாதா கோயில் எல்லோருக்குமான பங்காகிவிட்டது. 2005இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. இருந்தாலும் என் பாட்டி கடைசி வரை அதை "நம்ம கோயில்" என்றுதான் சொன்னார். திருப்பலி என்று சொல்லவும் அவருக்கு வராது, பூசைதான்.

2024 செப்டம்பர் 12. திருத்தந்தை பிரான்சிஸ் தேசிய விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றினார். சுமார் 50,000 பேர். எங்கள் குடும்பத்துக்கும் டிக்கெட் கிடைத்திருந்தது. மறையுரையில் அவர் இந்த ஊரின் கட்டடங்களைப் பற்றிப் பேசினார். இவற்றின் அடியில் முதலில் இருப்பது பணம் இல்லை, தொழில்நுட்பம் இல்லை, பொறியாளர்களின் திறமைகூட இல்லை, அன்புதான் என்ற பொருளில் சொன்னார். பொறியாளர் என்று காதில் விழுந்ததும் அம்மா என் தொடையைத் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைப் பாராட்டியதாகவே எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை.

நான் அப்போது கட்டடங்களுக்குக் குளிரூட்டி வசதி அமைத்துத் தரும் ஒரு துணைக் குத்தகை நிறுவனத்தில் இருந்தேன். மேலே மாட்டுகிற பெரிய தகர டக்ட்டுகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் பொருத்தும்போது ஓர் ஊழியருக்கு இடது கை ஆள்காட்டி விரலில் ஆழமாக வெட்டு. தேவகோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். தளத்தில் மற்றவர்கள் முன்னால் என்னை சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி. அவருடைய மகள் பிளஸ் டூ. என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேனில் ஏற்றி கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். போகும் வழியில் மேனேஜர் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அமைதியாகவே பேசினார். "டார்ம்ல சமைக்கும்போது வெட்டிக்கிட்டார்னு சொல்லிடு. மருந்துச் செலவ நாமளே பாத்துக்கலாம். அவருக்கும் ஒரு குறையும் வராது." நான் சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

காரணம் தெரியாதவனில்லை நான். 2020 செப்டம்பர் 1இலிருந்து, வேலையிடக் காயத்துக்காக ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்கு அறிவித்தாக வேண்டும். அறிவித்தால் தளத்தின் கணக்கில் ஒரு விபத்து ஏறும். எங்கள் தள வாசலில் விபத்தில்லாமல் கடந்த நாட்களைக் காட்டும் பலகை ஒன்று இருந்தது. எண்ணை மாற்றுகிற வேலை காவலாளியுடையது. காலையில் வரும் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போவோம்.

மருத்துவர் சீனப் பெண்மணி, இளவயது. எப்படி நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவர் சொன்னார், "டக்ட்ட தூக்கும்போது தகடு இழுத்துருச்சு தம்பி." மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: விடுதிச் சமையலறையில் காய்கறி நறுக்கும்போது.

பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருப்பவர் அவர். கிச்சன் என்ற வார்த்தை தெரியாமலா இருக்கும்? என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தையல் போட்டு முடிந்து வெளியே வந்தபோது, "போலாமா சார்" என்றார்.

மறுநாள் காலை பலகையில் எண் ஒன்று கூடியிருந்தது.

*

கத்தோலிக்கத் திருப்பலி வாசகங்களை நாம் நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு. ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்து லூக்கா. அந்தந்த ஞாயிறுக்கு எது வருகிறதோ அதுதான், செங்காங்கிலும் சிவகங்கையிலும். 2024 மாற்கு ஆண்டு. அந்த செப்டம்பர் முழுக்க இரண்டாம் வாசகம் யாக்கோபின் திருமுகத்திலிருந்து. செப்டம்பர் 29க்கு என் பெயர் பட்டியலில் இருந்தது.

சனிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். என் ழகரத்தைத் திருத்துவது அவர் வேலை. அன்றைக்கு யாக்கோபு ஐந்தாம் அதிகாரம், முதல் ஆறு வசனம். பணக்காரர்களே அழுங்கள் என்று ஆரம்பிக்கும். உங்கள் ஆடைகளைப் பூச்சி அரித்துவிட்டது, பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்துவிட்டன என்று போகும். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். உங்கள் வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரல் இடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் காதுக்குப் போய்விட்டது என்கிறார் யாக்கோபு.

அம்மா, "கூலின்னு அழுத்திச் சொல்லுடா, முழுங்காத" என்றார்.

அறுத்தவர்கள் கத்தினார்கள் என்று மட்டும் யாக்கோபு விட்டுவிடவில்லை, கூலியையே கத்த வைக்கிறார். ஆள் வாய் திறக்காவிட்டாலும் அவனுக்குச் சேர வேண்டியது வாய் திறக்கும். கிளினிக்கில் ஒன்றும் சொல்லாமல் நின்ற அந்த மனிதர் என் முன்னால் வந்து நின்றார். விரல் முழுதாகக் குணமாகாவிட்டால் அதற்கான இழப்பீடு, வேலையிடக் காயம் என்றால்தான் சட்டப்படி அவருக்குச் சேரும். சமையலறையில் நடந்ததென்றால் அது இல்லை. ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்தில் அதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாசித்தேன். குரல் உடைந்துவிட்டது, கால் நடுங்கியது என்றெல்லாம் எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. தெளிவாக, நிறுத்தி, ழகரம் பிசகாமல் வாசித்தேன். வெளியே வந்ததும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ரொம்ப நல்லா வாசிச்சீங்க தம்பி" என்றார். எனக்கு இப்போதும் பயமாக இருப்பது அந்தக் குரல்தான். கிளினிக்கில் பேசியதும் அதே நிதானமான குரல்தானே.

அன்றைய நற்செய்தி மாற்கு ஒன்பதாம் அதிகாரம். கை உன்னைத் தவறச் செய்தால் அதை வெட்டிவிடு என்று இயேசு சொல்லும் பகுதி. சாமி மறையுரையில், இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பாவத்தின் கடுமையைக் காட்டும் உருவகம் என்று விளக்கினார். அது சரிதான். ஆனால் நான் அமர்ந்திருந்த பெஞ்சில் அது உருவகமாக இல்லை. வெட்டுப்பட்டது இன்னொருவர் கை, தவறியது நான்.

*

அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நம்ம கோயிலில் என் குரலைச் சாமிக்குத் தெரியும். அதனால் வேறு கோயில், வேறு குரு. நல்லவேளையாக அவருக்கும் தமிழ் தெரிந்திருந்தது. பொய் சொன்னேன் ஃபாதர் என்றேன். எத்தனை முறை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "அந்தப் பொய்யால யாருக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "வேற ஏதாவது?" என்றார்.

இங்கே வாசகர்களிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன். அவரிடமும் முதலில் மறைத்தேன். வெட்டுத் தாங்கும் கையுறை கிழிந்துவிட்டது, புதுசு வேண்டும் என்று அந்த ஊழியர் என்னிடம் சொல்லி அன்றைக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆர்டர் போட வேண்டியவன் நான். வேறு வேலைகளில் மறந்துவிட்டேன். மேனேஜர் சொல்லித்தான் பொய் சொன்னேன் என்பது பாதி உண்மை. விசாரணை என்று வந்தால் கையுறையைப் பற்றிக் கேட்பார்கள் என்ற பயம்தான் மீதிப் பாதி. அந்த ஒரு நொடிகூட ஆகாத சரி அங்கிருந்துதான் வந்தது.

அதையும் சொன்னேன். குரு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாவமன்னிப்பு நான் குடுக்குறேன் தம்பி. ஆனா அந்த கிளினிக் தாள்ல இருக்கிறத நான் மாத்த முடியாது, நீதான் மாத்தணும். மொதல்ல அந்த மனுஷன்கிட்ட போ. அவரக் கேக்காம எதுவும் செய்யாத" என்றார். பரிகாரமாக ஒரு பத்து மணி செபம்.

உண்மைக்கு எதிராகச் செய்த தவறு மன்னிக்கப்பட்டாலும் ஈடு செய்கிற கடமை போய்விடுவதில்லை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அதைப் பள்ளி வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். சக்கேயு கதையையும் நாடகமாகவே நடித்திருக்கிறேன், மரத்தில் ஏறும் பாகம் எனக்குத்தான். நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்ன ஆயக்காரர் அவர். யாரிடம் எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு அவர் கையில் இருந்திருக்கும். என் கணக்கை எப்படிப் போடுவது?

*

தேக்காவில் அவரைப் பார்த்தேன், ஞாயிறு மாலை. திருப்பலி முடிந்து ஓப்பீர் சாலையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஊரே அங்கே இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை, போன் கார்டு, மல்லிப்பூ வாசம், புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறவர்கள். நாங்கள் தேக்கா சந்தையில் டீ வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றோம். கட்டு இன்னும் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். கையுறை விஷயத்தையும் சொன்னேன். "அதான் எனக்குத் தெரியுமே சார்" என்றார். நான் மனிதவள அமைச்சுக்கு எழுதுகிறேன், உண்மையைச் சொல்கிறேன் என்றேன். என் முகத்தில் அப்போது என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். திருந்திய பிள்ளையின் வெளிச்சம் ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

அவர் பதறிவிட்டார். "ஐயோ, வேணாம் சார். ஜனவரில பெர்மிட் புதுப்பிக்கணும். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். உங்களுக்கு இந்த வேல போனா வேற வேல. எனக்கு? ஃப்ளைட் டிக்கெட்தான். நல்லது பண்றேன்னு கிளறிடாதீங்க."

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. பொய் சொன்னபோது நான் அவர் கூலியைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அவருடைய வேலையையே பணயம் வைப்பேன். என் மனசாட்சி லேசாகிவிடும், விலையை அவர் கொடுப்பார். அவரைக் கேட்காமல் எதுவும் செய்யாதே என்று குரு சொன்னதன் அர்த்தம் அங்கே நின்றபோதுதான் புரிந்தது. என்னால் அன்றைக்குச் செய்ய முடிந்தது, நடந்ததை அப்படியே தேதியோடும் நேரத்தோடும், நான் சொன்ன பொய்யோடும் கையுறையோடும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும். ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். "இத வெச்சுக்குங்கண்ணே. ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் நீங்க கேக்கலாம். இத நான்தான் எழுதினேன்னு எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்.

அன்றைய நற்செய்தியின் முதல் பகுதியை அதுவரை நான் கவனித்ததே இல்லை. நம்மைச் சேராத ஒருவர் உம் பெயரால் பேய் ஓட்டுகிறார், தடுத்தோம் என்று யோவான் புகார் சொல்ல, இயேசு தடுக்காதீர்கள் என்பார். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பவரைப் பற்றிச் சொல்வார். அந்த அண்ணன் கத்தோலிக்கர் இல்லை, அவர் ஊரில் அய்யனார். அவர் வாங்கிக் கொடுத்த டீ கையில் ஆறிக்கொண்டிருந்தபோது அந்த வசனம் நினைவுக்கு வந்தது. நான் கொடுப்பவன், அவர் வாங்குபவர் என்றுதான் இத்தனை நாளும் அதை வாசித்திருக்கிறேன்.

*

நவம்பரில் ஒரு நாள் இரவு போன் வந்தது. "தம்பி, விரல் மடங்க மாட்டேங்குது. என்ன செய்யலாம்?"

தம்பி.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தமுறை கேட்டது அவர். நான் முதலில் மேனேஜரிடம் போய், என் வாக்குமூலத்தை மாற்றப் போகிறேன் என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நீ சின்னப் பையன்" என்று மட்டும் சொன்னார். தாமதமாக ஓர் அறிக்கை போனது. கையுறை விஷயத்தில் எனக்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கை கிடைத்தது. அது நியாயம்தான். வேறு தளத்துக்கு மாற்றினார்கள், சில மாதத்தில் நானே விலகிவிட்டேன். அவருக்கு மருத்துவமனைச் சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தன, கடைசியில் இழப்பீடும் வந்தது. பெர்மிட்டை ஒருமுறை புதுப்பித்தார்கள், அடுத்தமுறை புதுப்பிக்கவில்லை. நான் சொன்ன உண்மையால்தானா, இல்லை வேலை முடிந்துவிட்டதாலா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார். விரல் முக்கால்வாசி மடங்குகிறது. மகள் காரைக்குடியில் பி.காம்.

பொங்கலுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார், கரும்போடு. இடது கையால்தான் கரும்பைப் பிடித்திருந்தார். ஆள்காட்டி விரல் மட்டும் சேராமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதை வேண்டுமென்றே காட்டினாரா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்காது. அவர் விரல் இப்போது அப்படித்தான் இருக்கும்.

விசுவாசத்தை அன்றாடம் வாழ்வது என்று மறைக்கல்வி வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டால் எனக்குத் தோன்றியது சாப்பாட்டுக்கு முன் சிலுவை அடையாளம், வெள்ளிக்கிழமை மீன், பாட்டியோடு செபமாலை. இப்போதும் அதையெல்லாம் செய்கிறேன். கூடவே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. புது வேலையில் என் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஊழியர்கள் என்ன கேட்டாலும், கையுறை, பூட்ஸ், ஏணி, எதுவானாலும், தேதி போட்டு எழுதுவேன். வாங்கிக் கொடுத்த அன்றுதான் அடிப்பேன். அதைச் செபப் புத்தகம் என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது முதலில் நினைவுக்கு வருவது அந்த நோட்டில் அடிபடாமல் நிற்கிற வரிகள்தான்.

வாசகர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "யோக்கியன்தான் வாசிக்கணும்னா கோயில்ல யாருடா வாசிக்கிறது?" என்றார். இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுழற்சிக் கணக்குப்படி யாக்கோபின் அந்த ஆறு வசனங்கள் 2027 செப்டம்பர் 26இல் மறுபடி வரும். அன்றைக்கு என் பெயர் வருமோ, வேறு யாராவதோ. வந்தால் கூலி என்ற சொல்லை முழுங்காமல் சொல்ல வேண்டும்.